ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய மகளை வீட்டோடு வைத்துக்கொள்ளலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தமிழக எல்லையோரப் புளியரையில் குடியிருந்துகொண்டு கேரளத்துப் புனலூர்ப் பக்கம் சுமை வேலைக்குப் போய் வருகிறீர்கள். மகளுக்கு 10 வயது. பிறவியிலேயே ஸ்பைனா பிஃபிடா, அதாவது முதுகுத்தண்டுப் பிளவு. பிறந்த சில நாளில் முதுகில் அறுவை, பிறகு தலையில் நீர் கோத்ததால் அதை வடிக்க ஷண்ட் குழாய், இரண்டும் திருவனந்தபுரத்தில் நடந்தன. காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர் மாட்டி, வாக்கரைப் பிடித்துக் கொஞ்ச தூரம் நடப்பாள். தூரமென்றால் சக்கர நாற்காலி. சிறுநீர் கட்டுப்படாததால் எந்நேரமும் டயாப்பர். ஐந்தாம் வகுப்பை ஊர்ப் பள்ளியில் முடித்துவிட்டாள். ஆறாம் வகுப்புக்குக் கேட்டுப் போன இடத்தில், "பெயர் எங்கள் பதிவேட்டில் இருக்கட்டும், பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும், வாரம் ஒரு நாள் டீச்சர் வந்து சொல்லிக்கொடுப்பார்" என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே ஆரியங்காவில் இருக்கும் மச்சினன் மகனைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள்: 8 வயது, டைப் 1 சர்க்கரை நோய், அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காத நோய், ஊசி போடுகிற பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பள்ளியில் பயப்படுகிறார்களாம்.

ஒத்துக்கொள்ள வேண்டாம். ஏன் என்றும், அதற்குப் பதில் என்ன செய்வது என்றும் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்து மலையடிவார ஊர்களில் 22 ஆண்டுகள் சிறப்பாசிரியராக வேலை பார்த்தவள் நான். பாடம் ஏறாமல் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் உண்டு. ஆனால் உடல் குறைபாடோ நெடுநாள் நோயோ உள்ள பிள்ளைகளில் அப்படி நின்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களை நிறுத்தியது கழிப்பறை, பெஞ்சு, மாடிப்படி, பஸ் படிக்கட்டு. ஆகவே பாடப் புத்தகத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் மகளின் உடம்பு ஒரு பள்ளி நாளை எப்படிக் கழிக்கிறது என்று பார்ப்போம்.

உங்கள் மகளின் தண்ணீர்க் குப்பியை மாலையில் எடுத்துப் பாருங்கள். காலையில் நிரப்பிக் கொடுத்தது அப்படியே திரும்பி வந்திருக்கும். நான் பார்த்த முதுகுத்தண்டுப் பிளவுப் பிள்ளைகளில் அநேகம் பேர் இப்படித்தான். தண்ணீர் குடித்தால் நனையும், நனைந்தால் வாடை வரும், வாடை வந்தால் பக்கத்தில் இருப்பவள் தள்ளி உட்காருவாள். ஏழு வயதிலேயே இந்தக் கணக்கைப் பிள்ளை போட்டுவிடுகிறது. வாய்விட்டு யாரிடமும் சொல்வதில்லை. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், சிறுநீரில் கிருமி சேரும், காய்ச்சல் வரும், பள்ளிக்கு விடுப்பு. அந்த விடுப்பைத்தான் "அடிக்கடி உடம்புக்கு முடியாத பிள்ளை" என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மெல்லிய கதீட்டர் குழாயைச் செலுத்திச் சிறுநீரை வடித்துவிட்டு, குழாயை உடனே எடுத்துவிடுவது. உள்ளேயே மாட்டி வைக்கும் குழாய் வேறு, இது வேறு. உங்கள் மகளுக்கு முதுகு நரம்பு பாதிக்கப்பட்டிருப்பதால் சிறுநீர்ப்பை நிறைந்த செய்தி மூளைக்குச் சரியாகப் போவதில்லை, பை முழுவதும் காலியாவதும் இல்லை. தேங்கும் சிறுநீர் பின்னோக்கி அழுத்தினால் சிறுநீரகம் கெடும். எனவே இது பள்ளிக்கூடத்து வசதிக்காக மட்டும் செய்வதில்லை. அவள் ஆயுளைக் காப்பதும் இதுதான். அறுவை செய்த மருத்துவமனையிலோ சிறுநீரக மருத்துவரிடமோ கேளுங்கள். அவளுக்கு இது தேவையா, எத்தனை மணிக்கொரு முறை, எந்த அளவுக் குழாய் என்று அவர்கள்தான் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். ரப்பரில் செய்த பொருள்கள் இந்தப் பிள்ளைகள் பலருக்கு ஒவ்வாமை தரும்; கையுறை, குழாய், பலூன்வரை எதுவானாலும் அதையும் கேட்டுவிடுங்கள்.

பத்து வயதுப் பிள்ளை தானே செய்வாளா என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். செய்வாள். என்னிடம் படித்த ஒரு ஒன்பது வயதுப் பெண் பதினொரு நாளில் பழகினாள். மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார், நான் பக்கத்தில் இருந்தேன். பழைய சுடிதார்த் துணியில் அம்மா ஒரு சுருக்குப்பை தைத்துக் கொடுத்திருந்தார். உள்ளே சோப்பு, மூடியுள்ள டப்பாவில் கழுவி உலர்த்திய குழாய், கைத்துண்டு, மாற்று உள்ளாடை, ஜாமெட்ரி பெட்டி அளவில் ஒரு கண்ணாடி. முதல் நான்கு நாளும் கண்ணாடியில் இடம் பிடிபடாமல் அழுதாள். ஐந்தாம் நாள் செவிலியர் கையைப் பிடிக்காமல் விரலால் சுட்டிக்காட்ட மட்டும் செய்தார். இரண்டாவது வாரம் கண்ணாடியே வேண்டாம் என்றாள். கை கழுவுவதில் தொடங்கி, பையைச் சுருக்கி இழுத்துக் கட்டுவதுவரை ஆறு நிமிடம். அந்த வருடம் காலாண்டுத் தேர்வின்போது அவள் குப்பி காலியாக வீடு திரும்பியதென்று அவள் அம்மா என்னிடம் காட்டிய முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மலம் கழிப்பதற்கும் ஒழுங்கு பழக்கலாம். சாப்பிட்டு இருபது முப்பது நிமிடத்தில் குடல் தானாக அசையும். தினமும் ஒரே நேரத்தில், காலைச் சாப்பாட்டுக்குப் பின்போ இரவிலோ, கால் தரையில் ஊன்றும்படி உட்கார வையுங்கள். சில வாரம் பிடிக்கும். பலன் கண்டால் பள்ளி நேரத்தில் அந்தப் பயம் இருக்காது.

அடுத்தது தோல். இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சி குறைவு. நமக்கு உட்கார்ந்த இடம் வலித்தால் அசைந்துகொள்கிறோம். அவளுக்கு அந்த வலி தெரியாது. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் புண் வரும், வந்தால் ஆற மாதங்கள் ஆகும். நல்ல தடித்த மெத்தை போடுங்கள். கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி, சில விநாடி நிறுத்தி இறக்கச் சொல்லுங்கள்: பாடவேளை மணி அடிக்கும்போது ஒரு முறை, நடுவில் ஒரு முறை. இரவில் பிட்டத்தையும் பாதத்தையும் காலிப்பர் உரசும் இடத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த இடத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். வெயிலில் காய்ந்த சிமெண்ட் திண்ணையில் உட்கார வைக்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போகிறீர்கள் என்றால் சைலன்சர் பக்கம் கால் படாமல் பாருங்கள். சுட்டாலும் அவளுக்குத் தெரியாது. நம் ஊருக்கென்று இன்னொன்றும் உண்டு. ஜூனில் சாரல் தொடங்கினால் பள்ளித் தாழ்வாரம் நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும். வாக்கரின் ரப்பர் முனை தேய்ந்திருந்தால் வழுக்கும். பள்ளி திறக்கும் முன் நான்கு முனையையும் மாற்றிவிடுங்கள். காலிப்பரின் தோல் வார் நனைந்தால் அதே ஈரத்தோடு மாட்டக் கூடாது.

இனி படிப்பு. ஷண்ட் வைத்த பிள்ளைகள் நன்றாக வாயாடுவார்கள். கதை சொல்வார்கள், பெரியவர்கள் பேச்சை அப்படியே திருப்பிச் சொல்வார்கள். அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பேசுகிறவளுக்குக் கணக்கு ஏன் வரவில்லை, சோம்பல்தான்" என்று முடிவு கட்டுவதைப் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். சோம்பல் இல்லை. தலையில் நீர் சேர்ந்த பிள்ளைகளில் பலருக்கு எண்களை இடம் பார்த்து அடுக்குவதும், வேலையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று திட்டமிடுவதும், வேகமாக எழுதுவதும் கடினம். கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஓர் எண். ஒரு பக்கத்தில் பத்துக் கணக்குக்குப் பதில் நான்கு. "வீட்டுப் பாடத்தை முடி" என்று ஒரே வார்த்தையில் சொல்லாமல், ஒன்று இரண்டு மூன்று என்று படிகளாக எழுதிக் கொடுத்து ஒவ்வொன்றாக டிக் அடிக்கச் சொல்வது. இவ்வளவுதான், பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆனால் தலைவலி, வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், நன்றாகப் படித்தவள் திடீரென்று பின்தங்குவது ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் ஷண்ட் அடைத்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை. வகுப்பாசிரியருக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். சில சமயம் முதலில் பார்ப்பவர் அவராகத்தான் இருப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது? உங்களிடம் பேசியவர்கள் அதைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தத்தில் வீட்டு வழிக் கல்வி வருகிறது. கடுமையான குறைபாடோ பல குறைபாடுகளோ உள்ள பிள்ளை விரும்பினால் அதைத் தேர்ந்துகொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. தேர்வு பிள்ளையுடையது, பள்ளி தள்ளிவிடுவதற்கான கதவாக அதை வைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அதன் 31-ஆம் பிரிவு 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி தருகிறது. 16-ஆம் பிரிவு பாகுபாடின்றிச் சேர்க்கவும், கட்டடத்தையும் வசதிகளையும் பிள்ளை பயன்படுத்தும்படி அமைக்கவும் சொல்கிறது. இந்தப் பிரிவு எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் பேச்சிலேயே எடுத்து நீட்ட வேண்டாம். தலைமையாசிரியர்கள் பெரும்பாலும் பயத்தில்தான் மறுக்கிறார்கள். கீழே விழுந்தால் யார் பொறுப்பு, யார் டயாப்பர் மாற்றுவது என்கிற பயம். அந்தப் பயத்துக்குப் பதில் சொன்னாலே பாதிப் பேர் இறங்கி வருகிறார்கள். இறங்காதவருக்குத்தான் எழுத்தில் விண்ணப்பம், எழுத்தில் மறுப்புக் கேட்பது, மாவட்டக் கல்வி அலுவலகம், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் எல்லாம்.

நான் செய்த ஒரு தவறையும் இங்கே எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. டூஷேன் தசைச் சிதைவு நோயுள்ள ஒரு பையன். அந்த நோயில் கால் தசைகள் வலுவிழந்துகொண்டே வந்து, பொதுவாகப் பன்னிரண்டு வயதுக்குள் நடை நின்றுவிடும். கவனியுங்கள், நம் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியை விட்டுப் பெரிய பள்ளிக்கு மாறுகிற வயதும் அதுவே. பையன் நடையை இழந்த அதே வருடம் அவன் வகுப்பு மாடிக்குப் போனது. தூக்கிக்கொண்டு ஏற ஆள் இல்லை என்றார்கள். நான் படிவத்தில் "வீட்டு வழிக் கல்வி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. மாற்றியிருப்பார்கள், கீழே இரண்டு அறைகள் இருந்தன, ஒன்றில் பழைய பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வாரம் ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போவேன். ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி, "டீச்சர், என் இடத்தில் இப்போது யார் உட்காருகிறான்?" அதற்குப் பிறகு வீட்டு வழி என்ற படிவம் என் கைக்கு வந்தால், அறையை மாற்ற முடியுமா என்று முதலில் போய்க் கேட்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

வீட்டுக் கல்வியே கூடாது என்று சொல்லவில்லை. இடுப்பில் அறுவை முடிந்து ஆறு வாரம் படுக்கை, அழுத்தப் புண் ஆற குப்புறப் படுக்க வேண்டிய மாதம், மூச்சுக் கருவியோடு இருக்கும் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் அது வேண்டும், நன்றாக நடக்கவும் வேண்டும். அப்போதும் எந்தத் தேதியில் பள்ளிக்குத் திரும்புவாள் என்று அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

எல்லையில் வாழ்கிறவர்களுக்குக் காகிதச் சிக்கல் ஒன்று தனியாக உண்டு. நம் பக்கத்துச் செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. பழக்கம் இன்னும் விடவில்லை. நமக்கு வைத்தியம் மேற்கே, படிப்பு கிழக்கே. திருவனந்தபுரத்து மருத்துவர் எழுதிய சீட்டு கணவாய் தாண்டி இந்தப் பக்கத்துப் பள்ளிக்கு வந்து சேருவதே இல்லை. டிஸ்சார்ஜ் தாள்களை எல்லாம் ஒரு கோப்பில் போட்டு, தென்காசியில் மருத்துவச் சான்றும், மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடி அட்டையும் எடுத்துவிடுங்கள். அந்த அட்டை இந்தியா முழுவதற்கும் ஒன்று, இரு பக்கமும் செல்லும். 40 முதல் 79 சதவீதம் மஞ்சள் நிறம், 80-ம் அதற்கு மேலும் நீலம். ஆனால் உதவித்தொகை, தேர்வுச் சலுகை போன்றவை எந்த மாநிலத்தில் குடியிருப்பு, எந்த மாநிலத்தில் படிப்பு என்பதைப் பொறுத்தவை. ஆகவே வேலை வசதிக்காக மகளைப் புனலூர்ப் பக்கம் சேர்ப்பது பற்றி யோசித்தால், முதலில் இரண்டு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையம் மூலமாக சிறப்பாசிரியர், இயன்முறை மருத்துவர், போக்குவரத்துப் படி, துணைக்கு வருபவருக்கான படி ஆகியவை உண்டு. பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதம் ஊக்கத்தொகையும் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

உங்கள் ஊரிலிருந்து ஆய்க்குடி தொலைவில்லை. அங்கே அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-ல் சொந்த ஊரில் சங்கத்தை ஆரம்பித்தார். 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். 1992-ல் அவரோடு சேர்ந்த எஸ். சங்கரராமன் தசைச் சிதைவு நோயுள்ள கணக்குத் தணிக்கையாளர். இரண்டு பேரும் சக்கர நாற்காலியில் இருந்தபடி கட்டி எழுப்பிய இடம். காலிப்பர், நாற்காலி, இயன்முறைப் பயிற்சி ஆகியவற்றுக்குப் போங்கள். மகளையும் கூட்டிப் போங்கள். தன்னைப் போன்ற உடம்போடு பெரியவர்களாகி வேலை பார்க்கிறவர்களை அவள் இதுவரை எங்கே பார்த்திருப்பாள்?

மச்சினன் மகன் விஷயம் வேறு மாதிரி. 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய் ஆகிய ரத்த நோய்கள் எல்லாம் அதில் இருக்கின்றன, டைப் 1 சர்க்கரை இல்லை. அதனால் அட்டை கிடைக்காது. ஆனால் 6 முதல் 14 வயதுவரை எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுக்கக் கூடாதென்ற கல்வி உரிமைச் சட்டம் அவனுக்கும் உண்டு. அவர்கள் கேரளத்தில் குடியிருப்பதால் அந்த அரசின் "மிட்டாயி" திட்டத்தில் உடனே பதிவு செய்யச் சொல்லுங்கள். டைப் 1 பிள்ளைகளுக்கு இன்சுலினும் பரிசோதனைப் பொருள்களும் அதில் இலவசம்.

பள்ளிக்குப் பயம் ஊசியைப் பற்றி. உண்மையில் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது தாழ்சர்க்கரை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவது. வியர்க்கும், கை நடுங்கும், முகம் வெளுக்கும், காரணமில்லாமல் எரிந்து விழுவான், கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்வான். கருவியில் 70-க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கருவி கைவசம் இல்லையென்றால் பார்த்துக்கொண்டு நிற்காமல் சர்க்கரையைக் கொடுத்துவிட வேண்டும். தனியாக வீட்டுக்கோ ஓய்வறைக்கோ அனுப்பக் கூடாது. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108. விளையாட்டு வேளைக்கு முன் சிறு தீனி. வகுப்பு நடுவில் சாப்பிட, தண்ணீர் குடிக்க, சிறுநீர் கழிக்க அனுமதி கேட்டு நிற்கத் தேவையில்லை என்று எழுத்தில் வாங்குங்கள். ஆசிரியர் மேசை இழுப்பறையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம், அவன் பையில் ஒன்று. வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் இன்சுலினை ஈரம் படாதபடி டப்பாவில் போட்டு, ஈர மணல் பரப்பிய மண்பானைக்குள் வைக்கலாம். பயன்பாட்டில் இருக்கும் குப்பிக்கு அது போதும்.

வலிப்பு, ஹீமோபிலியா, தலசீமியா உள்ள பிள்ளைகளுக்கும் இதே முறைதான்: ஒரு பக்கத் தாளில் என்ன தெரியும், என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுப்பது. தலசீமியாப் பிள்ளைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றுவார்கள். ஏற்றும் நாள் நெருங்க நெருங்கச் சோர்வு கூடும். தேர்வை ரத்தம் ஏற்றிய பிறகு வரும் நாளில் வைத்தால் அதே பிள்ளை வேறு மாதிரி எழுதும்.

பத்தாம் வகுப்புத் தேர்வு இன்னும் தூரம் என்றாலும் சொல்லி வைக்கிறேன். சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்றவை உண்டு. சான்றோடு தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கை நன்றாக வேலை செய்யும் பிள்ளைக்கு எழுதுபவரைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிறு தவிர்த்து ஒரு நாள், மகளையும் சக்கர நாற்காலியையும் ஓர் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போங்கள். சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்கிறதா, ஆறாம் வகுப்பு கீழ்த்தளத்தில் நடக்குமா என்று பாருங்கள். சாய்தளம் கட்டிய பல பள்ளிகளில் அது போய்ச் சேரும் கழிப்பறை பூட்டிக் கிடக்கும். சாவி யாரிடம் என்று கேளுங்கள், உங்கள் மகளிடம் ஒரு சாவி கொடுக்கச் சொல்லுங்கள். கதவு மூன்றடி அகலமும் வெளிப்பக்கம் திறப்பதுமாக இருக்க வேண்டும்; உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி வேண்டும்; கைப்பிடி ஆடக் கூடாது; குழாயில் தண்ணீர் வர வேண்டும்; சுருக்குப்பையை மாட்ட ஓர் ஆணி வேண்டும். அந்த ஆணியை அவள் கைக்கு எட்டும் உயரத்தில் நீங்களே அடித்துவிட்டு வாருங்கள்.